ஜொய்சி கேட்டுவிட்ட கேள்வி

ஜொய்சியின் புருசன் றெக்ஷன் போன வைகாசி வரைக்கும் ஒரேயொரு தடவைதான் களவெடுத்தவன். மாரிக் கடல் கொந்தளித்துத் தொழில் படுத்துக் கிடந்த நேரம், கூட்டாளி சஞ்சீவனோடு சேர்ந்து புளியங்கூடலில் ஒரு பசுவை அவிழ்த்துப்போய் இறைச்சிக்கு விற்றான். இருவரும் ஒன்றாகவே பிடிபட்டார்கள். சஞ்சீவன் காணி பூமியுள்ள வீட்டுப் பிள்ளை. மாமன்மார் கொழும்பிலிருந்து சட்டத்தரணியைக் கூட்டிவந்தார்கள். "இளம் பெடியன், தெரியாமச் செய்துபோட்டான்" என்று ஊரும் இரங்கியது. அவன் இப்போது பிரான்சில் இருக்கிறான். றெக்ஷன் மறியலுக்குப் போய்ச் சிறையில் கிடந்தான்.

திரும்பி வந்தவனை எந்தப் படகும் ஏற்றவில்லை.

"உன்னை ஏத்தினா மற்றப் பெடியள் வரமாட்டாங்களடா" என்றார் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பத்திநாதர், முகத்தைப் பார்க்காமல்.

றெக்ஷன் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டு பிடித்தான். ஜொய்சி அதைத் தெருவில் வைத்து விற்றாள். ஊரில் ஒரு கோழி காணாமற்போனாலும் பொலிஸ் ஜீப் அவர்களுடைய படலையில்தான் வந்து நின்றது.

போன பங்குனியில் அயல்வீட்டுத் தண்ணீர் மோட்டர் காணாமற்போனது. வழக்கம்போல றெக்ஷனைக் கொண்டுபோய் அடித்து, பிறகு விட்டார்கள். வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த ஜொய்சிக்கு, வாய் தவறியோ மனம் தவறியோ, அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் எடுக்கேல்லைத்தானே?"

அவன் அவளுடைய கையை மெல்ல விலக்கினான்.

"உமக்கும் அப்பிடித்தான் படுதோ?"

மோட்டரை அயல்வீட்டுக்காரரின் மைத்துனரே திருத்தக் கொண்டுபோயிருந்தார். கடையில் யாரோ சொல்லித்தான் ஜொய்சிக்கு அது தெரியவந்தது. ஓடிவந்து சொன்னாள். "நான் எடுக்கேல்லையெண்டு எனக்கு முதலே தெரியும்" என்றுவிட்டு அவன் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு நண்டுக்குப் போகவில்லை. வைகாசியில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றி விற்றான். பொலிஸ் கேட்ட உடனேயே ஒப்புக்கொண்டான்.

மறியலில் கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் மெலிந்துபோய் நின்றான்.

"இந்தமுறை நான்தான் எடுத்தனான், ஜொய்சி. நீர் யோசிக்கத் தேவையில்லை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"பிள்ளை பள்ளிக்கூடம் போறாளோ?"

கள்ளன்ரை மகளுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டோமென்று மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போனதிலிருந்து, மகள் வீட்டை விட்டு வெளியே இறங்குவதேயில்லை.

"ஓம்" என்றாள் ஜொய்சி. "ஒவ்வொரு நாளும் போறாள்."