வாட்டிய இலையும் சிவப்புப் பிரேக்கும்

போடியிலிருந்து மலையேறும் வழியில் ஜீப்பை ஓரங்கட்டிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். தணலில் வாட்டிக் கட்டிய வாழையிலை. உள்ளே குழம்பு தளும்பிக் கிடந்தது. வெளியே சுற்றிய செய்தித்தாளில் பொட்டு ஈரம் இல்லை. அவ்வளவுதான், மேற்கொண்டு சாப்பிட ஓடவில்லை. இறங்கிப் போய் ஒரு கட்டு இலை வாங்கிக்கொண்டுதான் மறுபடி ஏறினேன். எங்கள் குளிருக்கு வாழை வராது.

ஜீப் என் அண்ணனுடையது. சின்னக்கானல் எஸ்டேட் ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஏற்றிப்போவான். காய்ச்சலில் அவன் போய்விட, காலேஜைப் பாதியில் விட்டு நான் ஓட்டினேன். அவன் இருந்த கடைசி ஆயுத பூஜைக்கு நாலு சக்கரத்துப் பிரேக் டிரம்முக்கும் அவற்றின் பின்தகடுகளுக்கும் அவனே சிவப்புப் பெயின்ட் அடித்தான். காய்ந்துவிட்டதா என்று டிரைவர் பக்கத்து முன்தகட்டில் கட்டைவிரலை வைத்தான். காயவில்லை. ரேகை பதிந்துவிட்டது.

"பெயின்டர் கையெழுத்துப் போட்டாச்சு," என்று அண்ணி அன்றைக்குச் சிரித்தாள். இப்போது வண்டி கழுவும்போது அங்கே துணியே வைக்கமாட்டாள். தண்ணீரை மட்டும் ஊற்றுவாள்.

அந்த ரேகைக்கு நேர் மேலேதான், பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றைத் திறந்து வெளியேற்றும் நிப்பிள் இருந்தது.

முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் காற்றெடுத்தார்கள். வழிந்த பிரேக் ஆயிலைத் துடைக்கவில்லை. மறுநாள் பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கி, தொட்டதும் விரலோடு வந்தது. இப்போது பிரேக் பெடல் மறுபடி பஞ்சாக இறங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிக்கொண்டு இதைத் தள்ளிப்போட முடியாது.

குழம்பைக் கசியவிடாத இலை ஆயிலையும் விடாது என்று நம்பி, ஞாயிறு காலையில் இலைக்கட்டைப் பிரித்துவைத்து அண்ணியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன்.

"ஜீப்புக்கும் பொட்டலச் சோறா, தம்பி?"

"மிதிங்க அண்ணி. மிதிச்சுப் புடிங்க."

"புடிச்சுட்டுத்தான் இருக்கேன். நீ கீழே தூங்கிறாதே."

தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து டிரைவர் பக்கத்தில் முடிப்பதுதான் முறை. அதனால் ரேகை கடைசி. பின்சக்கரத்தில் நிப்பிளுக்குக் கீழே வாட்டிய இலையை ஓடை மாதிரி வளைத்து வாழைநாரால் கட்டினேன். நிப்பிளைத் திறந்ததும் குமிழியோடு வந்த ஆயில் இலையில் ஓடிச் சிரட்டையில் விழுந்தது. நிப்பிளை முறுக்கி மூடித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சிவப்பு அப்படியே இருந்தது. சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது.

அடுத்த பின்சக்கரத்தில் நார் ஆயிலை உறிஞ்சிவிட்டது. கட்டியிருந்த இடத்தில் நகத்தளவுக்குப் பெயின்ட் சுருங்கியது. மூன்றாவது, ஏற்கெனவே பெயின்ட் உரிந்த இடப்பக்க முன்சக்கரம். காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை, சீக்கிரம் முடிந்தது.

அண்ணி இறங்கி வந்து அந்த நகத்தளவைப் பார்த்தாள்.

"வண்டி நிக்கணும் தம்பி. ஏறுறது ஊர்ச் சனம்." அப்புறம், "போனாப் போகட்டும்," என்றாள். சொல்லிவிட்டு ரேகை இருந்த சக்கரத்தின் பக்கமே திரும்பவில்லை.

"நார்தான் அண்ணி கெடுத்துச்சு. இலை கெடுக்கலை."

"அப்ப நாரில்லாம எப்படி நிக்கும்?"

நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: "சோத்தை மசிச்சு ஒட்டினா?"

காலண்டரை அப்படித்தான் எங்கள் வீட்டில் சுவரில் ஒட்டுவோம். அண்ணி பழைய சோற்றுப் பானையைத் திறக்க உள்ளே போனாள். நான் அகலமான இலையாக இரண்டு எடுத்துத் தணலில் பிடித்தேன். ஒன்று ரேகையை மூட, ஒன்று அதற்கு மேல் ஓடையாக. பசை காய்ந்து பிடித்த பிறகுதான் நிப்பிளைத் தொடவேண்டும்.