வடிகால்ல நிக்கிற கொக்கு

தஞ்சாவூர்ல மழைக்கு ஒதுங்குனா, அதுவும் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையா இருக்கு. அதிராம்பட்டினத்துல நானும் வண்டி கழுவுறவன்தான். பம்புக்குச் சாமான் வாங்க வந்த எடத்துல என் வயித்தெரிச்சலப் பாருங்க: கடை வாசல் மழைநீர் வடிகால்ல ஒரு கொக்கு நின்னு மீன் புடிக்குது! என் கடை வடிகால்ல கொசுவே வழுக்கி விழுந்து செத்துப்போவும். அவ்வளவு ஆயில்.

சட்டைப் பையில நகராட்சி நோட்டீசு கெடக்கு. கழுவுன தண்ணிய அப்படியே வடிகால்ல விடுறத பதினஞ்சு நாள்ல நிறுத்தலன்னா கடைக்கு சீலு. எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டுன பய சிரிச்சுக்கிட்டே வாசிச்சான்.

கடைக்காரம்மா ஸ்டெல்லாகிட்ட கேக்குறேன்: "கொக்க எங்கேருந்து புடிச்சாந்து விட்டீங்க?"

"அது தானா வருதுண்ணே. எனக்கும் நோட்டீசு வந்துச்சு. அழுதுக்கிட்டேதான் தொட்டி கட்டுனேன்."

அந்தம்மா தொட்டி மூடியத் தூக்கிக் காட்டுது. மொத அறையில சேறு தங்குது. அடுத்ததுல ஆயில் மேல மெதக்குது, அடித்தண்ணி மட்டும் வெளிய போவுது.

"ஆயில அள்ளி கேன்ல ஊத்திருவேன். நகராட்சி ஆபீசர் அப்பப்ப வந்து தொட்டியப் பாப்பாரு."

"அவரு பாக்கட்டும்மா. நான் பாத்ததுதான் தப்பு, இனி சாக்கு சொல்ல முடியாதே."

பொறாமையில கொக்க வெரட்ட ஒரு கல்லக்கூட எடுக்குறேன். அது என்னைய ஒரு மனுசனாவே மதிக்கல. கல்லப் போட்டுட்டு, தொட்டிய என் காலால அடி வச்சு அளக்குறேன்.

"என்னண்ணே, தொட்டியத் தூக்கிட்டுப் போயிருவீங்க போல?"

மழை விட்டுருச்சு. கெளம்புறப்ப கொக்குகிட்ட குனிஞ்சு சொல்றேன்: "நகராட்சி குடுத்த மாதிரி நீயும் பதினஞ்சு நாள் டைம் குடு. அப்புறம் நம்ம கடைப் பக்கம் வா."