நான் வெட்டிய நாணல்

பிள்ளைகளே, போன வருடம் பயத்தில் நான் செய்த ஒரு பிழையை உங்களுக்குச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வளவுக்குப் பின்னால், கால்வாயோரம் ஒரு பறவைப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள நீர்க்கோழிகள் வேலி தாண்டி வந்து எங்கள் பக்கத்து நாணலில்தான் கூடு கட்டும். அதை வெட்டுவதில்லை என்று எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருப்பவர்கள் எல்லோரும் பூங்காக் காவலாளி சோமபாலவிடம் ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் தேடுதலுக்கு வந்த ஆமிக்காரர் ஒருவர் அந்த நாணலைத் துவக்குக் குழலால் விலக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். தமிழன் வீட்டுப் பற்றை என்றால் ஆயுதம் ஒளித்திருக்கிறது என்றுதான் சந்தேகிப்பார்கள். அவர்கள் போனதும் ஒருவரிடமும் கேளாமல் கத்தியெடுத்து முழுவதையும் வெட்டிவிட்டேன். நடுவில் ஒரு கூடும் ஐந்து குஞ்சுகளும் இருந்தன. மறைவு போனதும் காகங்கள் கூடிவிட்டன. நானும் மகளும் கல்லெறிந்து விரட்டியும் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

சத்தம் கேட்டு சோமபால ஓடிவந்தார்.

"ஐயோ மாத்தயா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஏலாதா? பக்கத்து வீட்டுக்கும் இதே கரைச்சல்தானே. இது பறவை கூடு கட்டுற இடம், ஆமிக்குக் காட்டுங்க எண்டு பூங்காவால நாங்க கடிதம் எழுதிக் குடுத்தோம்."

மகள் அழுதுகொண்டே கேட்டாள்: "அப்பா, நாங்கள் ஆமிக்குப் பயந்தம். அதுகள் என்ன செய்ததுகள்?"

மறுநாளே பூங்காவுக்குப் போய் எனக்கும் ஒரு கடிதம் வாங்கினேன். இப்போது தேடுதல் வந்தால் தமிழர் இங்கே வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டோடு அதையும் சேர்த்து நீட்டுகிறேன். நாணல் திரும்பவும் வளர்ந்துவிட்டது. நீர்க்கோழிதான் இன்னும் வரவில்லை.