மாற்றிவைத்த தோள்

மச்சானின் வலது தோளைக் காட்டுவதற்காகப் போன மாசியில் கோவிந்தாபுரத்திலிருந்து காந்தலூர் போய், அவரைப் பாலக்காட்டுக்கு அழைத்து வந்தேன். என் மனைவியின் அண்ணன். பூண்டும் ஆரஞ்சும் போட்டிருக்கிறார். முந்தின மழைக்காலத்தில் பாத்தியில் வழுக்கி விழுந்து தோள்மூட்டு நொறுங்கிவிட்டது. அப்போதே பாலக்காட்டில் காட்டினார். "ஆப்ரேசன மாத்திவெச்சாச்சுங்க மாப்ள" என்று போனில் சொன்னார். காத்திருந்தார்.

உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து காந்தலூருக்கு ஜீப்பில் பதினைந்து. போகும்போது வளைவுகள் எனக்கு வேடிக்கை. திரும்பும்போது ஒவ்வொரு வளைவும் மச்சானின் முகத்தில் தெரிந்தது.

"பெரியவர நடுவுல உக்கார வைங்க சார், கதவுப் பக்கம் வேணாம்" என்றார் ஜீப்காரர்.

"முட்டக் கூடைன்னு நெனச்சு ஓட்டுங்க தம்பி" என்றார் மச்சான்.

பாலக்காட்டில் அதே மருத்துவர். புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். "அன்னே மாற்றிவைக்காம் எந்நு பறஞ்ஞதல்லே?" அன்றைக்கே மாற்றிவைக்கலாம் என்று சொன்னேன் அல்லவா என்கிறார்.

"மாத்திவெச்சதுனாலதானுங்க வரல" என்றார் மச்சான்.

மலையாளத்தில் பரீட்சையை மாற்றிவைத்தால் தள்ளிப்போட்டதாகப் பொருள். தோள்மூட்டை மாற்றிவைத்தால், செயற்கை மூட்டு பொருத்துவது. எல்லையில் இருக்கும் எங்களுக்கு அறிவிப்புப் பலகையில் பழகியது முதல் பொருள்தான்; மச்சானும் தேதி தள்ளிப்போனதாகவே எடுத்துக்கொண்டார்.

மருத்துவர் தமிழுக்கு மாறினார். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது, தசை மெலிந்துவிட்டது. மூட்டு பொருத்தினால் வலி குறையும். ஆனால் அன்றைவிட இன்று சிக்கல் அதிகம். அறுவை வேண்டாமென்றால் பயிற்சியோடு சமாளிக்கலாம். "இந்தக் கை உங்களுக்கு எதுக்கு வேணும்?"

"கவாத்துக்குங்க. தலைக்கு மேல கத்திரி போகோணும்."

"அது கஷ்டம். சோறு வாய்க்குப் போகும், தூக்கம் வரும்."

"அன்னைக்கே வந்திருந்தா?"

"இன்னும் நல்லா தூக்கியிருக்கலாம்."

மச்சான் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சு வரைதான் வந்தது. "சரிங்க, மாத்திவெச்சரலாம்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "எதை?"

"மூட்டத்தானுங்க."

இந்த வழியில் தோள்வலியோடு வருகிறவர்கள் மறையூருக்கும் உடுமலைக்கும் நடுவிலுள்ள சின்னாறு காட்டுவழியை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். அடிபட்ட தோள் கதவுப் பக்கம் வேண்டாம். மருத்துவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். என்ன செய்வது, எப்போது செய்வது, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மச்சான் இப்போது வலியில்லாமல் தூங்குகிறார். ஆரஞ்சு மரங்களை ஆள் வைத்துக் கவாத்து செய்கிறார். "அதில்லீங்க, அதுக்கு மேல் கொம்பு" என்று கீழே நின்று காட்டுகிறார், இடது கையால்.