பதினொன்றாம் தாளில் கடுகளவு பசை

தான் எழுதிய கதையின் பதினொன்றாம் தாளுக்கும் பன்னிரண்டாம் தாளுக்கும் நடுவே கடுகளவு மாவுப் பசை வைத்து, ஊதிக் காயவிடுகிறார் லெஸ்டர் கிம்பல். யாராவது கதையைப் படித்தால் ஒட்டு விட்டுவிடும். படிக்காமலே திருப்பி அனுப்பினால் ஒட்டியபடியே வரும். பிறகு தாள்கட்டை உறையில் போட்டு மூடி, நியூயார்க்கில் உள்ள ஒரு பத்திரிகையின் முகவரியை எழுதுகிறார். தபால் பெட்டியில் போட்ட பிறகும் அதன் வாயைத் திறந்து, உள்ளே விழுந்துவிட்டதா என்று பார்க்காமல் நகர மாட்டார்.

டொலீடோ நகராட்சியில் அவருக்குத் தராசுகளைச் சோதிக்கிற வேலை. பத்தொன்பது வருடமாகக் தராசுத் தட்டை அழுத்தும் கறிக்கடைக்காரர்களின் கட்டைவிரலைக் கவனித்துக் கவனித்து, மனிதருக்குக் கண்ணே அப்படி ஆகிவிட்டது. விருந்துக்குப் போன இடத்திலும் ரொட்டியைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். பாதிரியாரின் பிரசங்கத்தைக்கூடக் கடிகாரத்தை வைத்து அளப்பார். "நல்ல மனுஷன்தான். ஆனா போன வாரத்தைவிட நாலு நிமிஷம் கம்மி." பால்காரர் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்குப் பாலை இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பார்.

எழுதுவது மட்டும் ஆகாசக் கதை. அட்டையில் ராக்கெட்டும் பச்சை ராட்சதனும் போட்டு, தொட்டால் உதிரும் தாளில் அச்சிடுகிறார்களே, அந்த மாதப் பத்திரிகைகளுக்கு. கதையின் பெயர் 'சந்திரனில் ஒரு பவுண்டு'. அங்கே எல்லாமே ஆறில் ஒரு பங்கு எடைதான். சுரங்கத் தொழிலாளிகளிடம், அங்கே எடையைக் குறைத்துக் காட்டும் சுருள்வில் தராசில் தாதுவை நிறுத்து வாங்கி மோசம் செய்யும் வியாபாரியை, பூமியிலிருந்து போன சோதனை அதிகாரி ஒருவர் கையும் களவுமாகப் பிடிக்கிறார். எடைக்கல் பையைச் சுமந்து சுமந்து லெஸ்டருக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். அந்த அதிகாரிக்கும் அப்படியே.

டைப் அடிப்பது மனைவி ஹுல்டா, சமையலறை மேஜையில். தாள்களின் முனை மடங்கிக் கதை திரும்பி வரும்போதெல்லாம் புதிதாக அடித்துக் கொடுப்பாள். கதை எப்படி என்று அவளை இவர் கேட்டதில்லை.

இருக்கிற மூன்று பத்திரிகைகளுக்கும் மாற்றி மாற்றி ஏழு முறை போய் வந்தது. ஏழு முறையும் பசை விடவில்லை. லெஸ்டருக்கு வருத்தமா? பிடிபட்ட கடைக்காரனைப் பார்க்கிற குஷிதான்.

"பாத்தியா ஹுல்டா? திருட்டுப் பசங்க. உறையைப் பிரிச்சான், 'வருந்துகிறோம்'னு சீட்டைச் சொருகினான், அனுப்பிட்டான். ஒருத்தனாவது படிச்சிருந்தா இந்தக் கதைய விட்டிருப்பானா?"

அந்த நினைப்பில்தான் மனிதர் இரண்டு வருடமாக நிமிர்ந்து நடந்தார்.

போன வியாழக்கிழமை எட்டாம் முறையாகத் திரும்பி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தாள்கட்டைப் பிடித்துப் புரட்டினார். பன்னிரண்டாம் தாள் தனியாக வந்துவிட்டது. பசை இருந்த இடத்தில் தாள் லேசாக உரிந்திருந்தது. கூடவே அதே அச்சடித்த சீட்டு, வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம் என்று.

"நீ பிரிச்சியா?"

"நானா? தபால்காரர் கையிலேர்ந்து நீதானே பிடுங்கின."

"அப்ப அவன்தான். அவன் மூஞ்சியே சரியில்ல."

"அவரு எதுக்கு லெஸ்டர் பதினொண்ணாம் பக்கத்தைப் பிரிக்கணும்?"

"மழைல நனைஞ்சிருக்கும். பசை இளகியிருக்கும்."

ஹுல்டா தாள்கட்டை வாங்கிக் கடைசித் தாளைத் திருப்பினாள். அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமலும் முடியவில்லை.

"இங்க காப்பிக் கறை இருக்கு பாரு. கோப்பையோட அடி அப்படியே வட்டமா பதிஞ்சிருக்கு. யாரோ உக்காந்து கடைசிவரைக்கும் படிச்சிருக்காங்க."

லெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தேகப்பட இனி யாரும் மிச்சமில்லை. அந்தக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இத்தனை தடவை டைப் அடிச்சியே. நீ சொல்லு. கதை எப்படி இருக்கு?"

ஹுல்டாவுக்குப் பாவமாக இருந்தது. அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் லெஸ்டரின் கை நீண்டு, அலமாரியில் மெல்லப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் குமிழைக் கடைசிவரை திருகிச் சத்தத்தை ஏற்றியது.