உருளை கத்துகிறவரை

எண்ணெய் காணாத இரும்பு அச்சில் மர உருளை தேய்ந்து எழுப்பும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். "கிறீ...ச்" என்று நீளமாய் ஓர் இழுப்பு, பிறகு "கடகட"வென்று ஓர் இறக்கம், மறுபடியும் இழுப்பு. என் சிறுவயதுக் காலைகள் எல்லாம் இந்தச் சத்தத்தில்தான் விடிந்தன. இதை யாராவது இனிமை என்றால் எனக்குக் கோபம் வரும். அசிங்கமான சத்தம் அது. ஆனால் அது நின்றுவிடக் கூடாதே என்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டே இருந்தோம்.

நாமக்கல்லுக்கு மேற்கே, காட்டு நடுவில் எங்கள் "சாளை", அதாவது தோட்டத்து வீடு. கிணறு சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாது. அப்பாவை நாங்கள் "அய்யன்" என்போம். அய்யன் அங்கே இரண்டு மாடு பூட்டிக் "கவலை" ஓட்டித் தண்ணீர் இறைப்பார். மாடுகள் இரண்டும் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு உருளைமேல் ஓடி, சால் என்கிற பெரிய தண்ணீர் வாளியை மேலே இழுத்துவரும். கனம் சேரட்டும் என்று ஓட்டுகிறவர் அந்தக் கயிற்றின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். சால் கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து கிணற்று விளிம்புவரை வர வேண்டும். கயிறு அறுந்தாலும் போச்சு, மாடு மிரண்டாலும் போச்சு.

பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் மாமனின் மாடுகள் நாயைக் கண்டு மிரண்டு, அவரையும் சேர்த்துக் கிணற்றுக்குள் இழுத்துக்கொண்டு போயின. அவர் உருளையின் சத்தம் நின்றபோது, வெற்றிலை போட உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து அவர் மனைவி கம்பு இடித்துக்கொண்டே இருந்தாராம். அன்றைக்குப் பிறகு எங்கள் உருளைக்கு எண்ணெய் விடக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டுவிட்டாள். சும்மா நிறுத்தினால் அய்யன் "நிக்குதூ..." என்று கூவ வேண்டும். அம்மா வாசலில் நின்று "செரீங்க" என்று கத்துவாள். அப்புறம்தான் அவள் கை வேலைக்குப் போகும்.

வழியில் போகிறவர்கள் கேலி செய்வார்கள். "ஏனுங்க மாப்ள, எண்ணைக்குப் பஞ்சமுங்களா? உங்க உருள கத்தறது திருச்செங்கோட்டு மலைக்குக் கேக்குதுங்க!"

"எங்கூட்டுக்காரிக்கு அதுதானுங்க பாட்டுக் கச்சேரி" என்பார் அய்யன்.

அவர் பாடுபட்டதை நான் மறுக்கவில்லை. ராகிக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அந்த மனிதர் செத்துச் செத்து இறைத்தார். சேற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, பள்ளிக்கூடம் போகிற எனக்குச் சடை பின்னியும் விடுவார். வடம் முறுக்குகிற கை. அந்தச் சடை அவிழவே அவிழாது, தலைதான் வலிக்கும். கத்துவேன். "பொறு சாமி, பொறு சாமி" என்று கெஞ்சிக்கொண்டே இன்னும் இறுக்குவார்.

ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் கட்டிலில் கிடக்கிறேன், உருளைச் சத்தம் மண்டைக்குள் அறுக்கிறது. திடீரென்று சத்தம் இல்லை. கூவலும் இல்லை. அம்மா வைத்திருந்த கஞ்சிச் சட்டி கீழே விழுந்து உடைந்தது எனக்குக் கேட்டது. அவள் சோளக்காட்டுக்குள் புகுந்து ஓடினாள். சோளத்தாள் கையைக் கிழித்தது, முந்தானை எங்கோ மாட்டிக்கொண்டது. காய்ச்சலோடு நானும் எழுந்து விழுந்து பின்னாலேயே ஓடினேன்.

அய்யன் கயிற்றின்மேல் உட்கார்ந்து சாவகாசமாக மாடு ஓட்டிக்கொண்டிருந்தார். உருளை ஊமையாய்ச் சுற்றியது.

"ஏனுங்க, சத்தம் எங்கீங்க?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"புள்ளைக்குக் காச்சலாச்சே. தூங்கட்டும்னு வெளக்கெண்ண உட்டேன் புள்ள."

"ஒரு கூவு கூவறதுக்கு என்னங்க?"

"கூவுனா முழிச்சுக்குமல்லொ?"

அம்மா குனிந்தாள். வரப்பு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, உருளையின் அச்சில் அப்பினாள்.

"உருள தேஞ்சு போயிரும் புள்ள!"

"தேயட்டும். தேஞ்சா வேற வாங்கலாம். உங்களை எந்தச் சந்தையிலீங்க வாங்கறது?"

அய்யன் சிரித்துவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் உருளை முன்னைவிட மோசமாகக் கத்தியது. நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வந்தது. அய்யன் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார். "இனி நீ காதைத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டாம் புள்ள" என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். கயிறு இல்லை, மாடு பின்னால் போகிற பயம் இல்லை. அம்மா பல வருஷத்துக்குப் பிறகு பகலில் கண்ணயர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். மோட்டார் ஓடினால் அவர் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்தோம்.

அந்த மத்தியானமும் மோட்டார் ஓடியது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடியது. அம்மா குழம்பைச் சூடு பண்ணிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். வண்டித்தடத்தில் வந்த ஒருவர்தான் வாசலில் நின்று கேட்டார்: "ஏனுங்க அக்கா, தண்ணி தடத்துல போவுது, அண்ணன் மடை மாத்தலீங்களா?"

போய்ப் பார்த்தபோது அய்யன் மிளகாய்க் காட்டில் மண்வெட்டியோடு குப்புறக் கிடந்தார். அவரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள். சீக்கிரம் தூக்கி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா சாகும்வரை அதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அது ஓடிக்கிட்டேதான இருந்துச்சு சாமி."

போன மாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, அய்யனை உழைப்புக்கே உதாரணம் என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த உழைப்பை வீட்டில் உட்கார்ந்து காதால் கேட்டவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

இப்போது அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. உருளையை யார் அடுப்பில் வைத்தார்களோ தெரியாது. சோளக்காடு இருந்த இடத்தில் கோழிப்பண்ணை. என் தம்பி மகன் நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டே செல்போனில் தோட்டத்துப் போர்வெல் மோட்டாரைப் போடுகிறான், நிறுத்துகிறான். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போய்த் தங்கும்போது மோட்டார் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடிவதில்லை. "அங்க ஆருமே இல்லீங்க அத்தை" என்று அவன் போனில் சிரிக்கிறான். முட்டி வலியோடு வரப்பில் நடந்து, அங்கே யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வருகிறேன்.