நந்தியாவட்டை ஜடை

எனக்கு மல்லிகைப்பூ ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு முழம் தலையில் ஏறினால் போதும், தும்மல் பிடித்துக்கொள்ளும். கண் சிவந்து, மூக்கு அடைத்து, அன்றைய பொழுதே வீணாகிவிடும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களும் பூவோடு வருவார்கள், நான் ரிப்பனோடு போவேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா தன் தலைக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம் இது. எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் இதை என்ன செய்வது என்ற யோசனை வந்தது.

மாப்பிள்ளை வீடு ஆந்திர எல்லையைத் தாண்டி, நகரி. எங்களைப் போலவே தறி வைத்துப் பிழைப்பவர்கள். வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. முகூர்த்தம் வைகாசியில், எங்கள் ஊர்த் திருத்தணி மலைமேல். வைகாசி, மல்லி கொட்டிக் கிடக்கிற மாதம்.

"மாப்ள வீட்ல சொல்லிட்டா என்னா?" என்றார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சீக்காளிப் பொண்ண எங்க தலையில கட்டிட்டாங்கன்னு பேசுவாங்க. நீ வாயைத் தொறக்காத" என்றாள் அம்மா.

கல்யாணப் பெண் தானே போய் மாலைக்குச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஆனால் எந்தப் பூ ஆகும், எது ஆகாது என்று என் மூக்குதானே சொல்லவேண்டும்? நைனா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் போனது பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பெரிய கல்யாணங்களுக்கெல்லாம் மாலை கட்டுகிற கடை. கடைக்காரர் நாங்கள் சொன்னதைப் பாதிதான் கேட்டார். "மல்லி வேணாமா? சம்பங்கி போட்டுடலாங்க" என்று ஒரு மாலையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். நான் தும்மத் தொடங்கினேன். நிற்கவே இல்லை. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனா என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

மலையடிவாரக் குளமான சரவணப் பொய்கை வரைக்கும் நடந்தோம். முகம் கழுவலாம் என்று நான் இறங்கப் போனபோது பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"இன்னாம்மா, எதுக்கு அழுதுகினு போற?"

ஒரு பெஞ்சு, ஈரச்சாக்கு, நாலு கூடை. அவ்வளவுதான் அவள் கடை. முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போதும் விரல்கள் கட்டிக்கொண்டே இருந்தன.

"அழுவலக்கா. பூ வாசனை ஆகாது."

"கல்யாணத்துக்கு மாலை சொல்ல வந்தோம்மா" என்றார் நைனா, வெட்கத்தோடு.

அவள் கை நின்றது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாப்ள புடிக்கலன்னுல்ல நெனச்சேன்! இப்டி உக்காரு. ஒவ்வொண்ணா மோந்து பாத்துடலாம்."

அவள் மல்லிக்கூடையை எடுத்துப்போய்த் தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு ஒவ்வொரு பூவாக என் கையில் கொடுத்துக் காத்திருந்தாள். ரோஜா ஒன்றும் செய்யவில்லை. மரிக்கொழுந்துக்கு லேசாக மூக்கு அரித்தது. கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது என்பது எனக்குத் தெரியும். நடுவே யாரோ பூ கேட்டு வந்தபோது, "கொஞ்சம் இருங்க, மாலைக்குப் பொண்ணு பாத்துகினு கீறேன்" என்று சொல்லி அவர்களையும் சிரிக்கவைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சேப்பு கெடச்சிடுச்சி. ஜடை தைக்க வெள்ளைக்கு இன்னா பண்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு, "நந்தியாவட்டை?" என்றாள்.

எங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே ஒரு செடி இருந்தது. அதன் பக்கத்தில்தான் தினமும் குளிப்பேன். ஒருநாளும் தும்மியதில்லை.

மறுநாள் அம்மாவும் வந்தாள். "அது சாமிக்கு வெக்கற பூவாச்சே" என்று இழுத்தாள்.

"சாமிக்கு மல்லியுந்தாங்கா வெக்கறோம். நந்தியாவட்டை மொட்டைத் தொடுத்தா, எட்ட நின்னு பாக்கறவங்களுக்கு மல்லி மொட்டு மாதிரியே தெரியும்" என்றாள் பூக்கார அக்கா.

அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப யாருக்கும் தெரியாதுல்ல?"

"காலையில விரிஞ்சிடுங்க்கா. அப்பத் தெரியும். யாராச்சும் என்னாண்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அதற்குள் தாலி கட்டிவிடுவார்கள் என்று அம்மா கணக்குப் போட்டாள்.

நந்தியாவட்டை சந்தைக்கு வருகிற பூ இல்லை. வீடு வீடாகத்தான் பறிக்கவேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகலில், நைனா சைக்கிளில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை வரைக்கும் போனார். தறியை விட்டு எழுந்து நாலு பேரிடம் பேசவே கூச்சப்படுகிற மனிதர். அன்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பொண்ணுக்குக் கல்யாணங்க, கொஞ்சம் மொட்டு பறிச்சிக்கிறேங்க" என்று கேட்டாராம். எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் வீட்டில் இரண்டு பெரிய செடிகள். பாயின் சம்சாரம் தானே பறித்து, ஈரத்துணியில் மூடி, ஒரு தாம்பாளம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்யாணத்தன்று விடியும்போது பூக்கார அக்கா மலைமேல் வந்துவிட்டாள். மண்டபத்தை ஒட்டிய அறையில் என்னை உட்காரவைத்து ஜடையைத் தைத்தாள். வாழைப்பட்டையில் வரிசையாக வெள்ளை மொட்டுகள், இடையிடையே கனகாம்பரம். மாலைகள் இரண்டும் ரோஜாவில். பின்னல் கனத்தது. நான் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"ஆடாத. ஊசி குத்திடும்" என்றாள்.

ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா, அதாவது என் நாத்தனார், ஒரு கூடையோடு வந்தார். கூடை நிறைய நகரி மல்லி. வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

நாத்தனார் பின்னால் வந்து ஜடையைத் தொட்டார். மொட்டுகள் பாதிக்குமேல் விரிந்திருந்தன.

"அய்யோ, இது நந்திவர்தனம் கதா! மல்லி எங்க?" என்றார். நந்தியாவட்டைக்குத் தெலுங்கில் அதுதான் பேர்.

நாத்தனார் பூக்கார அக்காவைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு மல்லி ஆகாதுங்க. தும்மல் வந்துடும். அதான் இத்தக் கட்டினேன்" என்றாள் அவள், ஊசியைக் கீழே வைக்காமலே.

நான் நன்றாகத் தும்மி அதை உறுதிசெய்தேன். கல்யாணம் நின்றுவிடும் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஆனால் போகிற வீட்டில் முதல் நாளே ஒரு குறையோடு நுழைகிறேனே என்றிருந்தது.

நாத்தனார் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அம்மா சுவரில் சாய்ந்தாள். "போச்சு" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவர் தலையிலிருந்த மல்லியையும் காணோம்.

"அத்தே, முன்னாடியே சொல்லக்கூடாதா? என் தம்பிக்குப் போட எடுத்தாந்த மாலை முழுக்க மல்லிதான். பக்கத்துல ஒக்காந்தா இவ இன்னா ஆவறது?" என்று அம்மாவைக் கடிந்துகொண்டு, பூக்கார அக்காவிடம் திரும்பினார். "நீ கட்டின மாலை ரெண்டு இருக்குதுல்ல? ஒண்ணு குடு. தம்பிக்கு மாத்திடறேன்."

மணவறையில் நான் போய் உட்கார்ந்தபோது மாப்பிள்ளை கழுத்தில் ரோஜா மாலை இருந்தது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்ப பரவால்லியா?" என்றார். கட்டிக்கொள்ளப் போகிறவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "ஆங்" என்று தலையாட்டினேன்.

வெளியே எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தக் கூடை மல்லியைப் பங்கு போட்டு வைத்துக்கொண்டு, நாத்தனார் சொன்னபடி என்னைவிட்டு எட்டவே நின்று அட்சதை போட்டார்கள். அம்மா மட்டும் பூ வைக்காமல் பக்கத்தில் நின்றாள்.

சாப்பாடு முடிந்து மலையிறங்கி வந்தபோதும் ஜடை அப்படியே இருந்தது. பூக்கள் ஓரத்தில் பழுப்பேறிவிட்டன. "எடுத்துடட்டுமா? பாரமா இல்லியா?" என்று நாத்தனார் கேட்டார்.

"இருக்கட்டும் அண்ணி" என்றேன். பொழுது சாயும்வரை அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.